கைநாட்டும் கணினியும்: நீதிமன்றம் ஏறிய பொறிகளின் வரலாறு

'கைநாட்டு' என்பது நம்மிடையே ஓர் இகழ்ச்சிச் சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. எழுத்தறிந்தவன் கையொப்பமிடுவான்; அறியாதவன் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றுவான். உறுதி முடிக்கும் வேளையில் நொத்தாரிசின் மேசையருகே கூனிக்குறுகி நின்று, தான் வாசிக்க முடியாத தாளிலே விரலைப் பதித்துவிட்டு, வீடு திரும்பிய பின்னரே காணி கைமாறிவிட்ட உண்மையை உணர்ந்த ஏழைக் குடியானவனின் கதை நம் கிராமங்களுக்குப் புதியதன்று. அக்கதையை நம்மிற் பலர் நம் பாட்டன்மாரின் வாயாற் கேட்டிருப்போம்.

ஆயினும், அந்தக் கைநாட்டே உலகின் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட முதலாவது நவீன விஞ்ஞானச் சான்றுகளுள் ஒன்று என்பதையும், அது வளர்ச்சி பெற்ற இடம் இலண்டனோ பாரிசோ அன்று, ஏகாதிபத்தியத்தின் கீழிருந்த வங்காளமே என்பதையும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நீதிமன்றங்கள் புதிய கருவிகளை எவ்வாறு ஏற்கின்றன, எப்பொழுது ஏற்கின்றன, யாருக்காக ஏற்கின்றன என்னும் வினாக்களுக்கு இந்த வரலாற்றிலே தெளிவான விடைகள் கிடைக்கின்றன. கணினியின் சொல்லை நம்பி நூற்றுக்கணக்கான மனிதரைக் குற்றவாளிகளாக்கிய நீதிமன்றங்களை நம் காலத்திலேயே கண்டுவிட்டோமாதலின், இவ்வினாக்கள் வெறும் பழங்கதை ஆராய்ச்சியும் ஆகா.

1857ஆம் ஆண்டின் பேரெழுச்சி அடக்கப்பட்ட மறுவருடம், அதாவது 1858இல், வங்காளத்தின் ஜங்கிப்பூரில் நிருவாகியாக இருந்த வில்லியம் ஜேம்ஸ் ஹேர்ஷல் என்பார், வீதி அமைப்பதற்கு வேண்டிய பொருளை வழங்குமாறு ராஜ்யதர் கோனாய் என்ற வங்காளியுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தத்தின் பின்புறத்தே கோனாயின் உள்ளங்கையை மையிட்டுப் பதிக்கச் செய்தார். இதற்கு விஞ்ஞான நோக்கம் எதுவும் அப்பொழுது இருக்கவில்லை. கையொப்பம் தன்னுடையதன்று எனப் பின்னர் மறுக்கும் எண்ணமே அம்மனிதனுக்குத் தோன்றாதபடி அச்சுறுத்துவதே நோக்கம் என்பதை ஹேர்ஷலே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். ஆளப்படுபவனின் சொல்லை ஆளுபவன் நம்பவில்லை. ஆதலால் அவனுடைய உடலையே சாட்சியாக்க விரும்பினான். இக்கருவியின் பிறப்பிலேயே இந்த உறவு பதிந்துகிடக்கின்றது.

இதனையடுத்து வந்த நிகழ்ச்சி மேலும் கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1860 அளவில் வங்காளத்தில் அவுரிச் செய்கை தொடர்பான கலகம் மூண்டது. வெள்ளைத் தோட்டக்காரருக்கும் குடியானவர்க்கும் இடையிலான ஒப்பந்தங்கள் பற்றி வழக்குகள் மலிந்தன. போலி ஆவணங்கள் பற்றிய முறைப்பாடுகள் பெருகின. நதியா மாவட்டத்தில் நீதவானாக இருந்த ஹேர்ஷல், ஒப்பந்தங்களிலே விரலடையாளம் பெறலாம் என ஆலோசனை கூறினார். அரசாங்கம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1877இல் ஹூக்ளி மாவட்டத்திலே, ஓய்வூதியம் பெறுவோர், ஆவணப் பதிவுக்கு வருவோர், சிறைக்கைதிகள் ஆகியோரிடம் அவர் விரலடையாளம் பெற்ற காலத்திலும் அம்முறை ஒரு மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவில்லை. தோட்டக்காரனின் ஒப்பந்தத்தையும் சோதிக்கக்கூடியதாகக் கருவி தோன்றியபொழுது அதற்கு அவசரம் இருக்கவில்லை. அவசரம் பின்னர் வேறொரு திசையிலிருந்து, பொலிஸ் திணைக்களத்திலிருந்து, வந்தது.

1891இல் வங்காளத்தின் பொலிஸ் மாஅதிபராகப் பதவியேற்ற எட்வேர்ட் ஹென்றி, பழங்குற்றவாளிகளை இனங்காணும் வழியொன்றை நாடினார். விரலிரேகைகள் மனிதனுக்கு மனிதன் வேறுபடுவன, வாழ்நாள் முழுதும் மாறாதன என்ற கருத்தை 1892இல் வெளிவந்த தமது நூலில் பிரான்சிஸ் கால்ற்றன் விரித்துரைத்திருந்தார். ஆனால், ஆயிரமாயிரம் தாள்களிடையே ஒருவனுடைய தாளை எவ்வாறு தேடி எடுப்பது? இதுவே தீராத சிக்கல். இதனைத் தீர்த்தவர்கள் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியர். பத்து விரல்களையும் இவ்விரண்டாகச் சேர்த்து, சுழி எங்கே உள்ளது எங்கே இல்லை என்பதற்கு எண்கள் கொடுத்து, 1,024 அறைகளாக வகுக்கும் கணித முறையில் ஹக்கின் மூளை உழைத்தது. போசும் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. உலகம் அம்முறைக்கு இட்ட பெயரோ 'ஹென்றி முறை'. உழைத்தவர்க்குப் பிற்காலத்திற் பட்டமும் வெகுமதிப் பணமும் கிடைத்தன. புகழ் எசமானுக்குச் சென்றது. உழைப்பின் பயனை உழைத்தவனிடமிருந்து பிரித்தெடுப்பது தேயிலைக்கும் அவுரிக்கும் மட்டுமே உரிய வழக்கமன்று. அறிவுத்துறையிலும் அது நடந்தது.

இனி, நீதிமன்றத்தின் வாயிலுக்கு வருவோம். 1897இல் ஜல்பைகுரிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் துரை கொலையுண்டு கிடந்தார். அவருடைய பெட்டியிலிருந்து பணம் களவாடப்பட்டிருந்தது. பெட்டியினுள் இருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றிலே மங்கிய விரற்கறை காணப்பட்டது. அது முன்பு துரையிடம் வேலைபார்த்த, முன்னரே தண்டனை பெற்றிருந்த ஒருவனுடைய பெருவிரலுக்குரியது எனக் கல்கத்தாப் பணியகம் கண்டது. 1898இல் வழக்கு விசாரிக்கப்பட்டது. அப்பொழுது என்ன நடந்தது? பஞ்சாங்கத்தில் உள்ள விரல், எதிரி அப்பெட்டியைத் தொட்டான் என்பதை மட்டுமே காட்டும். கொலை செய்தான் என்பதைக் காட்டாது எனக் கொண்டு, களவுக் குற்றத்துக்கு மாத்திரமே மன்றம் அவனைக் குற்றவாளியாகக் கண்டது. கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை எனத் தள்ளுண்டது.

அடிமை நாட்டின் மன்றமொன்று, தோட்டத்துத் துரை ஒருவர் கொலையுண்ட வழக்கிலே, இவ்வளவு நிதானத்துடன் நடந்துகொண்டமை மெச்சத்தக்கதே. கருவி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்ற வேறுபாட்டை அந்த மன்றம் கண்டுகொண்டது. ஒரு நூற்றாண்டின் பின், கல்வியிலும் செல்வத்திலும் சிறந்த நாட்டு மன்றங்கள் பல அந்த வேறுபாட்டை மறந்தன என்பதே இக்கட்டுரையின் பிற்பகுதியிற் கூறவிருக்கும் துன்பக்கதை.

1899இல், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் திருத்தப்பட்டது. கையெழுத்துப் பற்றி நிபுணர் கூறும் கருத்து ஏற்கப்படுவதுபோல விரலடையாளம் பற்றிய கருத்தும் ஏற்கப்படலாயிற்று. 1901இல் ஹென்றி இலண்டன் ஸ்கொட்லண்ட் யாட்டுக்கு மாற்றப்பட்டு அங்கும் ஒரு பணியகத்தை அமைத்தார். 1905இல் டெட்போர்ட் கடை ஒன்றின் முதியவரும் அவர் மனைவியும் கொலையுண்ட வழக்கில், காசுப்பெட்டியில் இருந்த பெருவிரல் அடையாளம் முக்கிய சான்றாகி, சகோதரர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். காலனியிலே பரிசோதிக்கப்பட்ட கருவி தாய்நாட்டுக்குக் கப்பலேறிய விதம் இது. ஏகாதிபத்தியம் தன் காலனிகளைக் கச்சாப்பொருட் களஞ்சியமாக மட்டுமன்றி, ஆட்சி முறைகளைப் பழகிப் பார்க்கும் களமாகவும் பயன்படுத்தியது.

அக்கருவி மன்றத்தின் சாட்சிக் கூண்டோடு நின்றுவிடவும் இல்லை. பிறப்பினாலேயே மனிதக் கூட்டங்களைக் குற்றவாளிகள் எனக் குறித்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டிருந்தது. 1911இல் அது புதுப்பிக்கப்பட்டபொழுது, அறிவிக்கப்பட்ட சமூகத்தவர் எவரிடமும் விரலடையாளம் பெறும் அதிகாரம் அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டது. மதுரைப் பகுதியிலே மக்கள் அதனை 'இரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரில் இரேகை பதிக்க மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர் மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் ஒருவர் பெண். அதற்கு முன்னரே தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வாலில், ஆசியர் யாவரும் பத்து விரல்களையும் பதிக்கவேண்டும் என்ற 1906ஆம் ஆண்டின் ஆணையை எதிர்த்து காந்தி தலைமையில் எழுந்த போராட்டத்திலே, தம்பி நாயுடு போன்றோரும் தமிழ்த் தொழிலாளர், சிறுவணிகர் பலரும் மீண்டும் மீண்டும் சிறை சென்றனர். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிப்பதற்கு வந்த கருவி, குற்றம் செய்யாதவனையும் குற்றவாளியாகப் பதிவுசெய்யும் கருவியாயிற்று.

இவ்வளவையும் கூறியதனால், கருவியே தீது, விஞ்ஞானமே கொடிது என்று நாம் சொல்வதாக எவரும் கருதலாகாது. அது பிற்போக்காளரின் வாதம். ஆர்ஜென்டீனாவில் 1892இல் நிகழ்ந்த சம்பவம் ஒன்றை நோக்குக. நெக்கோச்சியா என்னுமிடத்தில் இரு சிறு பிள்ளைகள் கொலையுண்டனர். தாய், அயலில் வாழ்ந்த ஒருவனைச் சுட்டினாள். பொலிசார் அவனைப் பிடித்து வதைத்தனர். அவனோ இறுதிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கதவிலே படிந்திருந்த குருதிக் கறையில் ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. ஜுவான் வுசெற்றிச் என்பார் வகுத்த முறைப்படி ஒப்புநோக்கியபொழுது அது தாயினுடையது எனத் தெரிந்தது. அவளும் உண்மையை ஒப்புக்கொண்டாள். சித்திரவதையால் வாக்குமூலம் பறிக்கும் பழைய நீதியிலிருந்து ஓர் எளியவனைக் காத்தது விஞ்ஞானமே. ஒரே விரலடையாளம் பெருங்காமநல்லூரிலே ஒடுக்குமுறையாகவும் நெக்கோச்சியாவிலே விடுதலையாகவும் தோன்றுவதன் காரணம் கருவியின் உள்ளே இல்லை. அதனைக் கையாளும் சமூக உறவுகளிலேயே உள்ளது.

காலப்போக்கில் விரலடையாள நிபுணரின் சொல் மறுக்கவொண்ணாத வேதவாக்காயிற்று. 'விரல் பொய் சொல்லாது' என்ற எண்ணம் வேரூன்றியது. விரல் பொய் சொல்லாதிருக்கலாம். ஆனால் விரலின் மங்கிய ஒரு துண்டைப் பார்த்து 'இது இவனுடையது' எனத் தீர்மானிப்பவர் மனிதர். 2004இல் மட்ரிட் நகர இரயில் குண்டுவெடிப்பை அடுத்து, அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியக நிபுணர்கள், ஒரு பையிலிருந்த விரலடையாளம் ஓரிகன் மாநிலத்துச் சட்டத்தரணி ஒருவருடையதே எனத் துணிந்தனர். அவர் இஸ்லாத்தைத் தழுவியவர். இரு வாரங்கள் தடுத்துவைக்கப்பட்ட பின்னரே, அந்த விரல் அல்ஜீரியர் ஒருவருடையது என ஸ்பானியப் பொலிசார் நிறுவினர். 2009இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் வெளிவந்த அறிக்கை, மன்றங்கள் நெடுங்காலமாக நம்பிவந்த தடயவியல் முறைகள் பலவற்றுக்குப் போதிய விஞ்ஞான அடிப்படை நிறுவப்படவில்லை என்றது. நீதிமன்றங்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கேட்கத் தவறிய கேள்வியை விஞ்ஞானிகளே கேட்கவேண்டியதாயிற்று.

கைநாட்டின் கதை இங்ஙனமாக, கணினியின் கதை இதனினும் கொடியது.

பிரித்தானியாவில் 1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றச் சான்றுச் சட்டம் நல்லதொரு விதியை வகுத்திருந்தது. கணினி தந்த ஆவணம் ஒன்றைக் குற்ற வழக்கிலே சமர்ப்பிப்பவர், அக்கணினி முறையாக இயங்கியது என்பதை முதலிற் காட்டுதல் வேண்டும். இவ்விதி வீண்சுமை எனச் சட்ட ஆணைக்குழு 1997இல் கருத்துரைத்தது; 1999இல் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. அதன்பின், எதிர்மாறாக ஏதும் காட்டப்பட்டாலன்றிக் கணினி சரியாகவே இயங்கியது என மன்றங்கள் ஊகித்துக்கொள்ளலாயின.

அதே 1999இல் பிரித்தானியத் தபாற் கந்தோர் நிறுவனம், புஜிட்சுக் கம்பனி வழங்கிய 'ஹொறைசன்' என்ற கணினிக் கணக்கு முறையைத் தன் கிளைகளிலே புகுத்தத் தொடங்கியது. கிளைகளை நடத்தியோர் உபதபாலதிபர்கள். சிற்றூர்களிலே சிறுகடையும் தபாற் கிளையும் நடத்தி வாழ்ந்த சாதாரண மக்கள் அவர்கள். தெற்காசியாவிலிருந்து சென்று குடியேறிய குடும்பத்தினரும் அவர்களுட் கணிசமானோர். திடீரென அவர்களுடைய கணக்குகளிற் பணம் குறையலாயிற்று. கணினியின் பிழை எனச் சிலர் முறையிட்டபொழுது, 'வேறெவருக்கும் இப்படி நேரவில்லையே, உமக்கு மட்டுந்தான்' என்பது பலருக்குக் கிடைத்த மறுமொழி. ஒன்றுபட வேண்டியவர்களைத் தனித்தனியே பிரித்து வைப்பது ஆளுவோரின் பழைய தந்திரமன்றோ!

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் களவு, கணக்கு மோசடி முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவற்றுள் ஏறத்தாழ 700 வழக்குகளைத் தபாற் கந்தோர் நிறுவனமே தொடுத்தது. முறைப்பாட்டாளரும் புலனாய்வாளரும் வழக்குத்தொடுநரும் ஒருவரே. ஒரு வழக்கிலே ஏறத்தாழ 25,000 பவுண் குறைந்தது என நிறுவனம் வழக்கிட, சட்டத்தரணி வைக்கப் பணமின்றித் தாமே வாதாடிய உபதபாலதிபர் ஒருவர் 2007இல் தோற்று, 300,000 பவுணுக்கு மேற்பட்ட வழக்குச் செலவினால் வங்குரோத்தானார். 2010இல் கருவுற்றிருந்த பெண்ணொருவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். இறுதியில் விசாரணைக் குழு 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, இத்துன்பங்களின் விளைவாக உயிரை மாய்த்துக்கொண்டோர் 13 பேருக்குக் குறையாதிருக்கலாம்.

இங்கு நீதிமன்றத்தின் தவறு யாது? நீதிபதிகள் கணினியைப் பயன்படுத்தியதன்று. கணினி சரியென்ற ஊகம், நடைமுறையில், குற்றத்தை நிரூபிக்கும் சுமையையே தலைகீழாக்கிவிட்டமைதான். 'பொறி பிழைத்தது' என்பதை எதிரி காட்டவேண்டும். ஆனால் பொறியோ எதிரியின் கையில் இல்லை. அதன் பிழைப் பதிவேடுகளும் அவர் கையில் இல்லை. அவை வழக்குத் தொடுத்தவரிடமும் பொறியை விற்ற கம்பனியிடமும் இருந்தன. கிளைக் கணக்குகளைக் கம்பனியினர் தொலைவிலிருந்தே திறந்து மாற்றக்கூடும் என்ற உண்மையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. பூட்டிய பெட்டியினுள் இருக்கும் சான்றை, சாவி இல்லாதவனே கொண்டுவரவேண்டும் எனக் கேட்பது எவ்வகை நீதி?

நீதி மேலிருந்து இறங்கி வரவில்லை. வேல்ஸ் நாட்டிலே தன் கிளையை இழந்த அலன் பேற்ஸ் என்பார், தம்மைப் போன்றோரைத் தேடித் திரட்டி 2009இல் ஒரு சங்கத்தை அமைத்தார். 'எனக்கு மட்டுந்தான்' எனத் தலைகுனிந்திருந்தவர்கள், தாம் நூற்றுக்கணக்கானோர் என்பதை அறிந்தபொழுது நிமிர்ந்தனர். 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்கிட்டனர். 2019 திசம்பரில், ஹொறைசனின் பிழைகள் கிளைக் கணக்குகளிலே குறைவுகளை உண்டாக்கக்கூடியனவே என நீதிபதி பிரேசர் தீர்ப்பளித்தார். 2021இல் மேன்முறையீட்டு மன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளைத் துடைத்தது. 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, எஞ்சியவற்றைப் பெருமளவில் நீக்கியது. எனினும், கணினி சரியாக இயங்கியது என்ற ஊகத்தை என்ன செய்வது என்பது பற்றி 2025 சனவரியிற்றான் அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

இவற்றையெல்லாம் நாம் ஏன் படிக்க வேண்டும்? நமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல், இந்தியச் சட்டத்தை அடியொற்றி ஆக்கப்பட்டது. கணினி அச்சிட்ட தாள்களை அந்தப் பழைய சட்டத்தின் கீழ்ச் சான்றாகக் கொள்ளவியலாது என 1970களின் இறுதியில் நம் உயர்நீதிமன்றம் கருதியது. அந்த இடைவெளியை நிரப்ப 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. அதிலே போற்றத்தக்க ஏற்பாடு ஒன்றுண்டு. கணினிச் சான்றைக் கொண்டுவருபவர் முன்கூட்டியே மறுதரப்புக்கு அறிவித்தல் வேண்டும். மறுதரப்பு அச்சான்றையும் அதனைத் தந்த பொறியையும் பரிசோதிக்க இடம் கேட்கலாம். பூட்டிய பெட்டியின் சாவியைக் கேட்கும் உரிமை இது.

ஆயின், ஏட்டிலுள்ள உரிமை வேறு. கைக்கெட்டிய உரிமை வேறு. பொறியைப் பரிசோதிக்கலாம் எனச் சட்டம் சொல்லும். பரிசோதிக்கும் நிபுணருக்குக் கூலி கொடுப்பவர் யார்? தோட்டத் தொழிலாளியோ மீனவனோ எதிரிக் கூண்டில் நிற்கும்பொழுது, வழக்குத்தொடுநரிடம் ஆய்வுகூடமும் நிபுணரும் இருக்க, அவனிடம் இருப்பது அவன் சொல் மட்டுமே. நிபுணரின் அறிக்கை அவன் அறியாத மொழியில் இருப்பின், அந்தப் பரிசோதனை உரிமை வானத்து நிலவை நீரிற் காட்டிய கதையாகவே முடியும்.

ஆகவே, நீதிமன்றங்களிலே புதிய பொறிகள் புகுவதை எதிர்ப்பது நமது பணியன்று. அவை வரட்டும், வரவே செய்யும். நாம் கேட்கவேண்டியவை மூன்று. மனிதனின் விதியைத் தீர்மானிக்கும் பொறி எதுவாயினும் அதன் உள்ளகம் எதிரிக்குத் திறக்கப்படல் வேண்டும். வியாபார இரகசியம் என்பது சிறைக்கதவுக்குச் சாவியாகலாகாது. பொறி சரியென நிறுவும் சுமை, அதனைச் சாட்சியாக அழைப்பவரின் தோளிலேயே இருத்தல் வேண்டும். வறியவனுக்குச் சட்டத்தரணியை வழங்கும் அரசு, நிபுணரையும் மொழிபெயர்ப்பாளரையும் வழங்குதல் வேண்டும். இவை மூன்றும் இல்லாதவிடத்து, புதிய பொறி பழைய அதிகாரத்துக்குப் புதிய முகமூடி மட்டுமே.

ஜங்கிப்பூரிலே கோனாயின் கையைப் பிடித்து மையில் அழுத்தியவர், 'உன் சொல்லை நான் நம்பவில்லை' என்றே அதனாற் கூறினார். பிரித்தானிய மன்றங்கள் உபதபாலதிபர்களுக்குக் கூறியதும் அதுவே. இன்றைய மாணவரிற் பலர் நாளை சட்டத்தரணிகளாகவும் கணினி வல்லுநராகவும் யூரர்களாகவும் அம்மன்றங்களில் அமரப் போகின்றனர். பொறியிடம் கேள்வி கேட்பதற்கும், அதன் முன்னே தனித்து நிற்கும் மனிதனின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதற்கும் அவர்களைப் பழக்குவது வகுப்பறையிலே தொடங்கவேண்டிய வேலை. ஆசிரியர்களாகிய நாம் அதனைத் தள்ளிப்போடலாகாது.